பிள்ளைகள் வீட்டுக்கு இலையுதிர் காலப் பயணம்: வாசகர் கேள்வி - பதில்

ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபரில் வெளிநாட்டில் இருக்கும் மகன், மகள் வீட்டுக்குப் போய் வரும் பெற்றோரிடமிருந்து வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் விசா 10 ஆண்டுக்குச் செல்லும். அப்படியானால் எத்தனை மாதம் வேண்டுமானாலும் தங்கலாம்தானே?

கூடாது. ஆண்டுதோறும் போய்ப் பழகியவர்கள்கூட இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். உதாரணமாக, அமெரிக்க விசாவில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதி, அந்த நாட்டின் வாசலில் வந்து நிற்பதற்கான கடைசித் தேதி மட்டுமே. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பது வேறு கணக்கு, அது நாட்டுக்கு நாடு மாறும்.

அமெரிக்காவில் நீங்கள் எந்தத் தேதி வரை இருக்கலாம் என்பது ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும். பி-2 என்ற வருகையாளர் விசாவில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் 6 மாதம் கொடுப்பார்கள். உங்கள் பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியாவதாக இருந்தால் அந்தத் தேதியோடு நிறுத்திவிடவும் கூடும். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே எல்லைக் காவல் துறையின் இணையதளத்தில் இந்தப் பதிவை எடுத்துப் பாருங்கள். பெயரிலோ தேதியிலோ பிழை இருந்தால் உடனே திருத்தச் சொல்லலாம். அந்தத் தேதியை ஒரு நாள் தாண்டினாலும் கையில் இருக்கும் 10 ஆண்டு விசா செல்லாததாகிவிடும். பிரிட்டனில் 2, 5, 10 ஆண்டு வருகையாளர் விசா எதுவானாலும் ஒரு வருகைக்கு அதிகபட்சம் 6 மாதம்தான்.

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில்தான் கணக்கு சற்றுச் சிக்கல். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. நுழையும் நாளும் கிளம்பும் நாளும் முழு நாளாகச் சேரும். எந்தத் தேதியில் நிற்கிறீர்களோ அங்கிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். செப்டம்பர் 1 முதல் நவம்பர் 29 வரை இருந்தால் 90 நாள் சரியாகத் தீர்ந்துவிடும். அடுத்த செப்டம்பரில் மறுபடி முழு 90 நாளும் கிடைக்கும். இலையுதிர் காலத்தில் மட்டும் போகிறவர்களுக்கு இதில் தொல்லை இல்லை.

ஏதோ ஒரு விசேஷத்துக்காக நடுவில் இன்னொரு முறை போகும் ஆண்டில்தான் கணக்கு இடிக்கும். ஜூலை 10 முதல் 31 வரை போய் வந்தீர்கள் என்றால் 22 நாள் போயிற்று. செப்டம்பர் 1 அன்று நுழையும்போது மிச்சம் 68 நாள்தான். நவம்பர் 7-க்குள் கிளம்பியாக வேண்டும். வழக்கம்போல நவம்பர் கடைசிக்கு டிக்கெட் எடுத்திருந்தால் 3 வாரம் விதிமீறல். "நாலு நாள் பக்கத்து நாட்டுக்குப் போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும்" என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். 29 ஷெங்கன் நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. தவிர, விசாவிலேயே தங்கும் நாள் என்று ஒரு எண் இருக்கும். அது 90-க்குக் குறைவாக இருந்தால் அந்த எண்தான் எல்லை.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், கொடுத்து 10 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். பல நாடுகள் 6 மாதம் கேட்கின்றன. ஆகவே 9 மாதத்துக்குக் குறைவாக ஆயுள் இருக்கும் பாஸ்போர்ட்டோடு டிக்கெட் எடுக்காதீர்கள். ஒரு சிறு நோட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் நுழைந்த தேதி, வெளியேறிய தேதி இரண்டையும் எழுதி வையுங்கள். இப்போது பல இடங்களில் பாஸ்போர்ட்டில் முத்திரையே குத்துவதில்லை. அடுத்த விசா விண்ணப்பத்தில் பழைய பயணத் தேதிகளைக் கேட்கும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

கேள்வி: குடிநுழைவு அதிகாரி கேட்டால் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறோம் என்று சொல்லலாமா?

பேரக்குழந்தையைப் பார்க்க வருவதும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக வருவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. சம்பளம் வாங்காவிட்டாலும் அன்றாடக் குழந்தை பராமரிப்பை வேலை என்று கருதும் நாடுகள் உண்டு. மகளும் மருமகனும் வேலைக்குப் போக, நாள் முழுக்கக் குழந்தையை நீங்கள் வைத்திருப்பதுதான் பயணத்தின் நோக்கம் என்றால், வருகையாளர் விசா அதற்குப் பொருந்துமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே அந்த நாட்டுத் தூதரக வழிகாட்டுதலில் பார்த்துவிடுங்கள். பொய் சொல்லவே கூடாது. ஒரு முறை பதிவானால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது பின்தொடரும்.

மகன் குடும்பத்தோடு சில வாரம் இருக்க வந்தீர்கள் என்றால் அதையே சொல்லுங்கள். எத்தனை நாள், எந்த முகவரி, திரும்பும் தேதி, செலவு யாருடையது ஆகிய நான்குக்கும் உடனே பதில் வர வேண்டும். முகவரியும் மகனின் தொலைபேசி எண்ணும் தாளில் இருக்கட்டும். கைபேசியில் மட்டும் வைத்திருந்து, வரிசையில் நிற்கும்போது சார்ஜ் தீர்ந்துபோனால் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்காது.

கேள்வி: இருவருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் உண்டு. கணவருக்கு இன்சுலினும் உண்டு. எவ்வளவு எடுத்துப் போவது, எப்படி?

தங்கும் நாள்களோடு 15 நாளுக்கு அதிகமாக எடுங்கள். 75 நாள் பயணத்துக்கு 90 நாள் மருந்து. குறைந்தால் கூரியரில் அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தபாலில் வரும் மருந்துகளைப் பல நாடுகளின் சுங்கத் துறை நிறுத்திவிடும். எல்லாமே கைப்பையில்தான் போக வேண்டும். இருவர் பயணம் செய்தால் ஒருவருடைய மருந்தில் பாதி மற்றவர் பையில் இருக்கட்டும், ஒரு பை தொலைந்தாலும் சமாளிக்கலாம்.

மாத்திரைகளைப் பட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். என்ன மருந்து என்று யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. வாராந்திர மருந்துப் பெட்டியை வெறுமையாக எடுத்துப் போய் அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் புதிய சீட்டு வாங்குங்கள். அதில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயர், அளவு, எந்த நோய்க்கு என்பதும் இருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் மாத்திரையின் வணிகப் பெயர் அங்குள்ள மருந்தாளருக்குத் தெரியாது. கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகள் இருந்தால் தனிக் கவனம் தேவை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அவற்றுக்கு முன் அனுமதி வேண்டும்.

இன்சுலினைச் சரக்கில் போகும் பெட்டியில் வைக்கவே கூடாது. அங்கே அது உறைந்துவிடலாம். உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. அதே காரணத்தால் ஐஸ் பொட்டலத்தோடு நேரடியாக ஒட்டியும் வைக்க வேண்டாம், நடுவில் ஒரு துணி சுற்றுங்கள். திறக்காதவை குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

நேர வித்தியாசம் 5 மணிக்கு மேல் என்றால், பயண நாளில் எத்தனை மணிக்கு எத்தனை யூனிட் என்பதை மருத்துவரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். மேற்கே போகும்போது அந்த நாள் 29 மணி நேரத்துக்கு மேல் நீளும், கூடுதலாக ஒரு ஊசி தேவைப்படலாம். கிழக்கே போகும்போது நாள் சுருங்கும். அப்போது நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் இரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து சர்க்கரை தாழ்ந்துபோகும். ஆபத்து அதிகம் இரண்டாவதில்தான். ரத்தம் உறையாமைக்கான மருந்து, வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்களும் இதுபோல எழுதி வாங்க வேண்டும்.

அங்கே போய்ச் சளி பிடித்தால் கடையில் கிடைக்கும் கூட்டு மாத்திரையை யோசிக்காமல் போடாதீர்கள். பாராசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர். கையோடு கொண்டுபோன பாராசிட்டமாலையும் கடையில் வாங்கிய சளி மருந்தையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள், ஒரே மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிடுகிறோம் என்பதை அறிவதில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்பது உச்சவரம்பு. கல்லீரல் கோளாறு இருந்தால் அதற்கும் கீழே. மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

கேள்வி: போய் இறங்கினால் பத்து நாள் ராத்திரித் தூக்கமே வருவதில்லை. திரும்பி வந்தாலும் அதே கதை. வழி உண்டா?

முழுதாகத் தவிர்க்க முடியாது, நாள்களைக் குறைக்கலாம். உடலின் கடிகாரம் மேற்கே போனால் நாளுக்கு சுமார் ஒன்றரை மணி நேரமும், கிழக்கே போனால் சுமார் 1 மணி நேரமும்தான் நகரும். பெரும்பாலோரின் உள்கடிகாரம் 24 மணியைவிடச் சற்று நீளமாக ஓடுவதால் நாளை நீட்டுவது அதற்குச் சுலபம், சுருக்குவது கடினம். போகும்போது ஒரு விதமும் வரும்போது ஒரு விதமுமாக இருப்பது இதனால்தான்.

இதை நகர்த்தும் பெரிய கருவி வெளிச்சம். ஆனால் தவறான நேரத்து வெளிச்சம் எதிர்த் திசையில் தள்ளிவிடும். "காலையில் எழுந்ததும் வெயிலில் நட" என்ற பொதுவான அறிவுரை சிலருக்குப் பலிக்காமல் போவது அதனால்தான். வீட்டில் இருக்கும்போது விடியற்காலை 4 மணி வாக்கில் உடல் சூடு மிகத் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்துக்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதற்குப் பின் படுவது முன்னுக்கு இழுக்கும்.

மேற்கே 8 மணி நேரம் பின்தங்கிய ஊருக்குப் போனால், உங்கள் உடலின் 4 மணி அங்கே இரவு 8 மணி. கடிகாரம் பின்னுக்குப் போக வேண்டும் என்பதால் பிற்பகல் வெளிச்சமே மருந்து. 2 மணி முதல் இருட்டும் வரை வெளியில் இருங்கள், இரவு 9 வரை விழித்திருங்கள். இலையுதிர் காலத்தில் பொழுது சீக்கிரம் சாயும், லண்டனில் அக்டோபர் கடைசியில் மாலை 4.30-ஐ ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். ஆகவே மதியச் சாப்பாடு முடிந்ததும் படுத்துவிட்டால் அன்றைய வாய்ப்பு போயிற்று. முதல் சில நாள் அதிகாலை 2, 3 மணிக்கு விழிப்பு வரும். வரட்டும். மங்கலான விளக்கில் இருங்கள், கைபேசித் திரையைப் பார்க்க வேண்டாம்.

கிழக்கே 8 மணி நேரம் போனால் உங்கள் 4 மணி அங்கே பகல் 12. இறங்கிய மறுநாள் காலை 7 மணி வெயில் தீங்குதான் செய்யும். அன்று நண்பகல் வரை வீட்டுக்குள் அல்லது கறுப்புக் கண்ணாடியோடு இருந்துவிட்டு, 12 மணிக்கு மேல் வெளியே போங்கள். அடுத்தடுத்த நாளில் அந்த நேரத்தை ஒவ்வொரு மணி நேரமாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

பகல் தூக்கம் 30 நிமிடம், 3 மணிக்கு முன். அலாரம் வைத்துவிட்டே படுங்கள். பழக்கமில்லாத தூக்க மாத்திரை வேண்டாம். புது வீட்டில் இருட்டில் கழிவறைக்கு எழுந்து போகும்போது படிக்கட்டில் தடுக்கி விழுவது தூக்கமின்மையைவிடப் பெரிய சேதம். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரண்டு சிறு இரவு விளக்கு போட்டு வைக்கப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: விமானத்தில் கால் வீங்குகிறது. சக்கர நாற்காலி கேட்டால் தவறா?

வீக்கம் பெரும்பாலும் தானே வடியும். கவனிக்க வேண்டியது, காலின் ஆழத்து ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது. 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இது கூடுகிறது. உலக சுகாதார அமைப்பின் ஆய்வு, ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு வரலாம் என்கிறது. முன்பு அப்படி வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஏறக் கூடாது. மற்றவர்கள் நடைபாதை ஓர இருக்கை எடுத்து, ஒன்றரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடந்து, உட்கார்ந்திருக்கும்போது குதிகாலையும் முன்பாதத்தையும் மாறி மாறி உயர்த்தினால் போதும். முழங்கால் வரையிலான அழுத்தக் காலுறை உதவும், அளவெடுத்து வாங்கியதாக இருந்தால். தளர்ந்ததால் பயனில்லை, மேல் விளிம்பு சுருண்டு இறுக்கினால் கெடுதல். பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனை.

சக்கர நாற்காலி கேட்பதில் தவறே இல்லை. நீண்ட நடை முடியாது, படி ஏற முடியும் என்றால் ஒரு வகை. படியும் ஏற முடியாது என்றால் இன்னொன்று. இருக்கை வரை கொண்டுபோய் விட வேண்டும் என்றால் மூன்றாவது. எது என்று 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் பதிந்து, டிக்கெட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறும் விமான நிலையத்தில் உங்களை ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட்டு வேறு ஆள் வந்து அழைத்துப் போவார். நேரம் வீணாவது அந்த இடைவெளியில்தான். ஆகவே இடைநேரம் 3 மணிக்குக் குறையாத டிக்கெட் எடுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டிகளை எடுத்துச் சுங்கம் கடந்து மறுபடி போட வேண்டும், அங்கே இன்னும் நேரம் வேண்டும்.

கேள்வி: ஆண்டு முழுதுக்குமான பயணக் காப்பீடு எடுத்தால் சிக்கனம்தானே?

அடிக்கடி குறுகிய பயணம் போகிறவர்களுக்கு. உங்களைப் போல ஒரே நீண்ட பயணம் போகிறவர்களுக்குப் பொருந்தாது. அந்த வகைக் காப்பீட்டில் ஒரு பயணத்துக்கு 30, 45 அல்லது 60 நாள் என்று வரம்பு இருக்கும். 61-ஆம் நாள் மருத்துவமனையில் சேர்ந்தால் ஆண்டுக் காப்பீடு கையில் இருந்தும் பணம் வராது. நாள் கணக்குக் காப்பீட்டை வீட்டிலிருந்து கிளம்பும் நாள் முதல் திரும்பிய பின் ஒரு வாரம் வரை எடுங்கள். விமானம் தள்ளிப்போனால் உதவும்.

ஏற்கனவே இருக்கும் நோய் பற்றிய பகுதியை மட்டுமாவது உட்கார்ந்து படியுங்கள். சிலவற்றில் அது அறவே இல்லை, சிலவற்றில் திடீரென முற்றினால் மட்டும் உண்டு. விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைத்தால் வேறு காரணத்துக்கான கோரிக்கையும் தள்ளுபடியாகலாம். பெற்றோருக்கான கனடா சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 கனடா டாலர் பாதுகாப்புள்ள காப்பீடு கட்டாயம்.

கேள்வி: குளிர் தொடங்கியதும் மூக்கில் ரத்தம், உடம்பெல்லாம் அரிப்பு. குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா?

குளிரைவிட வீட்டுக்குள் இருக்கும் வறட்சிதான் காரணம். 0 டிகிரியில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்றை 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் கால்வாசியாகிவிடும். வெப்பமூட்டி ஓடும் அறையில் அதைத்தான் நாள் முழுக்கச் சுவாசிக்கிறீர்கள். வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடத்துக்குள் குளித்து, ஈரம் முழுதும் காயும் முன் பசைபோன்ற களிம்பைத் தடவுங்கள். நீர்த்த லோஷன் போதாது. ஈரப்பதமூட்டி வைத்தால் 30 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள், கூடினால் சுவரில் பூஞ்சை வரும்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து சாய்க்காதீர்கள், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்னால் குனிந்து உட்கார்ந்து மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. ரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவமனைதான்.

உடையில், கனமான ஒரே கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்கு மேல். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர், நடுவில் வெப்பம் பிடிக்கும் ஒன்று, வெளியே காற்றும் மழையும் புகாத ஒன்று. உள்ளடுக்கு பருத்தியாக இருந்தால் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கும். செருப்புக் கடையில் அழகு பார்க்காதீர்கள், அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். நனைந்த உதிர்ந்த இலை பாசி போல வழுக்கும். ஆழமான வரிகள் உள்ள ரப்பர் அடிப்பாகமே வேண்டும். ஃப்ளூ தடுப்பூசி பலன் தர 2 வாரம் ஆகும் என்பதால் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நடுவில் கடிகாரம் மாறுமாமே?

ஆமாம். பிரிட்டன், ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்கா, கனடாவின் பெரும்பகுதியில் நவம்பர் முதல் ஞாயிறும் 1 மணி நேரம் பின்னுக்கு. கைபேசி தானாக மாறும், சுவர்க் கடிகாரமும் அடுப்பில் உள்ளதும் மாறாது. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருந்தால் அங்கே இலையுதிர் காலமே மார்ச் முதல் மே வரை என்பதால் மேலே சொன்ன மாதங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும்போது வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வருவதில்லை.

ஊர் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு அந்நாட்டு சிம் போடுவதால் வரும் கோளாறு. கிளம்பும் முன்பே ஊர் சிம்மில் ரோமிங்கை இயக்கச் சொல்லுங்கள். அங்கே தரவுக்கு இ-சிம் (அட்டை இல்லாமல் கைபேசியிலேயே பதியும் சிம்) போட்டு, ஊர் எண்ணில் தரவு ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். குறுஞ்செய்தி வரும்.

கேள்வி: எல்லோரும் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க நாங்கள் இருவர்தான். பயமாக இருக்கிறது.

பிள்ளைகள் வீட்டில் இருக்கும் முதல் சனி, ஞாயிறிலேயே மூன்று விஷயங்களைக் கைப்படச் செய்து பாருங்கள், சொல்லக் கேட்டால் போதாது. ஒன்று, வெளிக்கதவு. பல கதவுகள் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். குப்பை போட வெளியே வந்து, குளிரில் மெல்லிய உடையோடு நிற்க நேரிடும். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது நல்ல பழக்கம். இரண்டு, புகை எச்சரிக்கைக் கருவி. சமைக்கும்போது அலறினால் ஜன்னலைத் திறந்து துணியால் விசிறுங்கள். கழற்றிவிடவோ பேட்டரியை எடுக்கவோ கூடாது, வெப்பமூட்டி ஓடும் காலத்தில் உயிர் காப்பது அதுதான். மூன்று, அவசர அழைப்பு. அமெரிக்கா, கனடாவில் 911, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000. வீட்டு முகவரியை அடுக்குமாடி எண்ணோடு பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டி, ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பழகுங்கள். பதற்றத்தில் தெருப் பெயர் வாயில் வராது.

கேள்வி: எத்தனை நாள் தங்குவது நல்லது? மகன் முதல் வாரம் விடுப்பு எடுப்பதாகச் சொல்கிறான்.

நேர வித்தியாசம் 8 மணிக்கு மேல் என்றால் முதல் வாரம், பத்து நாள் தூக்கம் சரியாவதிலேயே போகும். கடைசி வாரம் மூட்டை கட்டுவதில் போகும். ஆகவே 4 வாரத்துக்குக் குறைவான பயணம், வயதானவர்களுக்கு அலைச்சலாகத்தான் மிஞ்சும். 6 முதல் 8 வாரம் சௌகரியம். அதற்கு மேல் என்றால், வீட்டில் தனி அறை உண்டா, நடந்து போகும் தூரத்தில் பூங்காவோ நூலகமோ உண்டா என்று பார்த்து முடிவெடுங்கள். கார் இல்லாமல் எங்கும் போக முடியாத இடத்தில் மூன்று மாதம் பெரும் பாரம்.

மகனிடம் விடுப்பைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். முதல் வாரம் மாலை 5 மணிக்கு உங்களுக்குக் கண் சொருகும், அவன் எடுத்த விடுப்பு வீணாகும். வந்து இறங்கும் அன்று அழைத்துப் போக ஒரு நாள், பிறகு இரண்டாம் வாரக் கடைசியிலிருந்து மிச்ச நாள்கள் என்று எடுத்தால், இலைகள் நிறம் மாறி நிற்கும் நாள்களில் நீங்களும் விழித்திருப்பீர்கள், அவனும் கூட இருப்பான்.